சீனி இல்லாத பாயசம்

கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் நாகர்கோவிலுக்குத் தெற்கே பிறந்தவள். டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கிற வாசனை தெருமுனை வரை போகும். மூங்கிலைக் கீறி வர்ணக் காகிதம் ஒட்டி வாசலில் நட்சத்திரம் கட்டுவோம். ஆராதனை முடிந்து வந்தால் ஆட்டுக்கறி. இதில் ஒன்று குறைந்தாலும் என் அம்மா, "இது என்ன பண்டிகையா, கருமாதியா?" என்று கேட்பாள். அந்த வாய்தான் எனக்கும். அதனால் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை மாற்றலாகி நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, பாளையத்தில் நாங்கள் குடியேறிய, ஒரே கிணற்றுக்கு நாலு வீடு உள்ள வளவில் பக்கத்து வீட்டு டீச்சர் கொண்டாடிய கிறிஸ்துமஸைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஒற்றை ஆள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள். வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, நெற்றியில் ஒன்றும் கிடையாது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். வளவில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அவள் நட்சத்திரத்தை வீட்டுக்கு வெளியே கட்டமாட்டாள். உள்ளே, அடுக்களையில், அடுப்புக்கு மேலே கட்டுவாள். புகை பிடித்து இரண்டே நாளில் அது கறுத்துப்போகும்.

"என்ன டீச்சர், நட்சத்திரத்தைக் கருவாடு மாதிரி புகையில போட்டிருக்கீங்க? வாசல்ல கட்டினா நாலு பேர் பார்ப்பாங்கள்லா?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு வழி தெரியும்க்கா. எனக்குத்தான் தெரியல. அதனால எனக்குப் பக்கத்துல கட்டியிருக்கேன்."

"இப்படி எங்க ஊரு சபையில வழக்கம் கிடையாது."

"நான் வச்ச வழக்கம்" என்றாள். "எல்லா வழக்கமும் என்னைக்கோ யாரோ ஒருத்தர் வச்சதுதானே? ஒரு வருஷம் செஞ்சா அது ஆசை. மறுவருஷமும் செஞ்சா வழக்கம். அவ்வளவுதான்."

இந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என் கடைசி மகனுக்குக் காய்ச்சல் விட்ட நாளில் அவள் ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். மறுவருஷம் அதே மாதத்தில், காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு மறுபடி ஒரு கொய்யாப்பழம் வந்தது. கேட்டால் வழக்கமாம். பிறந்த வீட்டிலிருந்து நாங்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்ததை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தானே செய்து வைத்துக்கொண்டிருந்தாள். இது எனக்கு அப்போது புரியவில்லை, திமிர் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்திரணும் டீச்சர். ஒத்தையில என்ன பண்டிகை?" என்றேன்.

"இல்லக்கா, நான் சாலைக்குப் போகணும். வந்து குளிக்கணும். அதுக்கப்புறம்தான் சமையல்."

பண்டிகையன்று, புதுப்புடவை கட்டிக்கொண்டு, யாராவது சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போவார்களா? முந்தின வாரமே வாங்கிவைக்க முடியாதா? அதுவும் காலையில் குளித்துவிட்டுத்தானே கோயிலுக்கு வந்தாள், மறுபடி எதற்குக் குளியல்? நான் கேட்டேன். அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள். சாயங்காலம் தலை ஈரத்தோடு ஒரு கிண்ணத்தில் பால் பாயசம் கொண்டுவந்து தந்தாள். பாயசம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பாயசமா என்று நான் முகத்தைச் சுளித்தது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மறுவருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. கறிக்குக் கிராம்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லி அவளோடு கிளம்பிவிட்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன். குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள். பழவங்காடி வந்ததும் நின்றாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிர்வரிசைக் கடை நிழலில் ஒதுங்கி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"யாரைப் பாக்குறீங்க?"

"அப்பா தேங்காய் உடைச்சிட்டுக் கடைக்குத் திரும்பட்டும். அப்புறம் போவோம்."

"உங்களுக்கு அப்பா இருக்காரா?" என்றேன். அவளுக்கு யாருமே இல்லை என்றுதான் வளவில் நினைத்திருந்தோம்.

"அவர் இருக்காரு. நான்தான் இல்ல" என்றாள்.

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து நான் சிரித்தேன். சாலைக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. நெரிசலான தெரு அது. மூட்டை சுமப்பவர்கள், கைவண்டிக்காரர்கள், ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாது. ஆனால் டீச்சர் நடந்தபோது மட்டும் வழி விட்டது. முதுகில் சாக்கோடு வந்த ஒரு ஆள் அவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு பக்கத்தில் இருந்தவனிடம், "தே, வந்நு. எல்லா வருஷமும் இதே திவசம் வரும். அது மனுஷ்ய ஸ்திரீ அல்ல, கேட்டோ" என்று மலையாளத்தில் முணுமுணுத்தான். வருஷம் தவறாமல் இதே நாளில் வருவாளாம், மனுஷியே இல்லையாம். என் காதில் விழுந்தது அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அது ஒரு பலசரக்குக் கடை. வற்றல் மிளகாயும் கொப்பரையும் மூக்கில் ஏறின. தராசுக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம். ஸ்டூடியோவில் எடுத்த படம், சட்டம் போட்டிருந்தது. பதினெட்டு வயதுப் பெண், நெற்றியில் வட்டப் பொட்டு, மூக்குத்தி, தலை நிறையப் பூ, ஒரு கை நாற்காலி முதுகின்மேல். படத்துக்குச் சந்தன மாலை. கீழே மாடத்தில் ஒரு சிறுவிளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் டீச்சர்.

படத்தைப் பார்த்தேன், பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தேன். அதே தாடை, அதே ஏறின நெற்றி. படத்தில் இருப்பவள் செத்துப்போனவள். என் பக்கத்தில் நிற்பவள் பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, "பச்சரிசி ஒரு நாழி, ஏலக்காய் கொஞ்சம், சீனி கால் ராத்தல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெரியவர் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைப் பணியாளிடம், "அரிசி ஒரு நாழி" என்று திருப்பிச் சொன்னார். ஏலக்காயும் சீனியும் அவரே நிறுத்தார். பொட்டலம் கட்டிப் பலகையின்மேல் வைத்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டார். அவர் கை போன பிறகே இவள் கை நீண்டு எடுத்துக்கொண்டது. எடுத்ததும் ஒரு தடவை நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள், கண்ணாடியில் தலையைச் சரிபார்க்கிறவளைப் போல. திரும்பிவிட்டாள். நான் கிராம்பு கேட்க மறந்தே போனேன்.

வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாமல் நடந்தது என் ஆயுசில் அது ஒன்றுதான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு நீர் ஊற்றிக்கொண்டாள். நான் அடக்கிவைத்தது எல்லாம் அங்கேதான் வெடித்தது.

"எதுக்கு மக்கா இந்தக் குளி?" என்றேன். அன்றிலிருந்து எனக்கு அவள் மக்காதான்.

"துட்டி வீட்டுக்கு, சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்லாக்கா? எனக்கு நான்தானே குளிக்கணும்" என்றாள்.

அன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் புடவையைப் பிழிந்துகொண்டே. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலையில் கடை வைத்த தகப்பன் ஒற்றையாய் வளர்த்தார், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார். படித்து முடித்து டீச்சரான பிறகு ஒருநாள் இவள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை, அவளே போய்க் கேட்டு வாங்கினாளாம். அன்றைக்குச் சாயங்காலமே தகப்பன் தலைமுழுகிவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. கடையில் படத்துக்கு மாலை போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம், "அம்மை போட்டுப் போயிட்டா" என்று சொன்னார். ஊர் நம்பிவிட்டது. பிறகு அவளைக் கண்டவர்கள் தங்கள் கண்ணைத்தான் நம்பவில்லை.

"உயிரோட இருக்குற பிள்ளைக்கு விளக்கேத்துறானே, அவன் மனுஷனா?" என்று நான் கத்தினேன். "நீயும் அங்க போய் அரிசி வாங்குறியே, உனக்கு ரோஷம் இல்லையா? நானா இருந்தா அந்தப் படத்தைப் பிடுங்கி ரோட்டுல எறிஞ்சிருப்பேன்."

"எறிஞ்சிட்டு?" என்று கேட்டாள்.

"என் பிறந்தநாளுக்கு அப்பாதான் பாயசம் வைப்பாரு. கடையிலருந்து அரிசி எடுத்து, ஏலக்காய் எடுத்து, அவர் கையாலே. வேற பண்டம் ஒண்ணும் அவருக்கு வராது. கிறிஸ்துமஸும் ஒரு பிறந்தநாள்தானே? பிறந்தநாள்னா எனக்கு அந்தப் பாயசம்தான் தெரியும். கொத்தும் முறுக்கும் நான் எங்க போய்ப் படிக்க? மொதல் வருஷம் ஆசையில போனேன். அடிச்சு விரட்டுவாருன்னு நினைச்சேன். விரட்டல. நிறுத்துக் குடுத்தாரு." புடவையை உதறிக் கொடியில் போட்டபடி, "எனக்கே சில நாளு சந்தேகம் வருதுக்கா, நான் இருக்கேனான்னு. அப்பா கையால நிறுத்த ஏலக்காய் என் பானையில கொதிக்கிறப்ப, இருக்கேன்னு தோணும்" என்றாள்.

ஒரு வார்த்தை. அவள் அந்தக் கடைக்குப் போனது ஒரு வார்த்தைக்காகத்தான். திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் அவளைப் பார்த்து, அவளிடம் சொன்னதாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவள் அதை வாய்விட்டே சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அவளோடு போனேன். என் கறி அடுப்பில் பாதி வெந்துகொண்டிருக்கும், வீட்டுக்காரர் முணுமுணுப்பார். போகட்டும் என்று விட்டேன்.

ஒரு தடவை, மசாலா வாங்க வந்த ஒரு அம்மாள் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தக் குட்டி உங்க முகம் மாதிரியே இருக்கே, சொந்தமா?" என்று கேட்டுவிட்டாள். பெரியவர் கையிலிருந்த படிக்கல் தராசுத் தட்டில் தொப்பென்று விழுந்தது.

"தூரத்துச் சொந்தம்" என்றாள் டீச்சர்.

"சின்ன வயசிலேயே போச்சே, பாவம்" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமா, பாவம்" என்று இவளும் சொன்னாள். சொல்லும்போது குரலில் கேலி இல்லை. படத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு உலகச் சண்டைக்காலம் வந்தது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பாதி நாள் கப்பைக் கிழங்கைத்தான் அவித்துத் தின்றோம். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் காலில் கட்டி, நடக்க முடியவில்லை. டீச்சர் தனியாகத்தான் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது. எனக்குப் பயமாகப் போயிற்று.

"அக்கா, அப்பா பேசிட்டாரு."

"உங்கிட்டயா? என்ன சொன்னாரு?"

"சீனி இல்லைன்னு சொன்னாரு."

நான் நொண்டிக்கொண்டே நிலைப்படிக்கு வந்தேன்.

"ஆள்கிட்ட சொல்லலக்கா. என்னைப் பாத்து. கண்ணைப் பாத்து. 'சீனி இல்ல'ன்னாரு. எத்தனை வருஷம்..." என்று சொல்லி, முடிக்க முடியாமல் என் நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே அந்தக் கிழவனை வாய்க்கு வந்தபடி வைதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இனிப்பே இல்லாத பாயசம் கிண்ணத்தில் வந்தது. பாலும் அரிசியும் ஏலக்காயும் மட்டும். பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது. என்னிடம் கொஞ்சம் கருப்பட்டி இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, "இதைத் தட்டிப் போடு மக்கா" என்றேன். கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். அப்பா இல்லைன்னு சொன்னது இதுல இருக்கு."

மறுவருஷம் சீனி எப்படியோ கடைகளில் தலைகாட்டத் தொடங்கியது. பழவங்காடி நிழலில் நிற்கும்போதே, "இன்னைக்குச் சீனி இருக்கும், கேளு" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அவள் அரிசி கேட்டாள், ஏலக்காய் கேட்டாள், நிறுத்திவிட்டாள். நான் முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. பெரியவர் பொட்டலத்தைப் பலகையில் வைத்தார். வழக்கம்போலக் கையை உடனே இழுக்கவில்லை. பணியாளிடம், "வேற என்ன வேணும்னு கேளு" என்றார்.

"வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் இவள்.

வீட்டுக்கு வரும் வழியில் சண்டை பிடித்தேன். "ஏன் கேக்கல?"

"கேட்டா, ஆளை விட்டு எடுத்துக் குடுப்பாரு. அதோட முடிஞ்சு போகும். இப்ப என்கிட்ட அவர் பேசின பேச்சு ஒண்ணு இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்க்கா." அந்த வருஷமும் சீனி இல்லாத பாயசம்தான். அதோடு அதுவும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அவர், "வேற என்ன வேணும்னு கேளு" என்பார். ஒவ்வொரு வருஷமும் இவள், "வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள். வியாபாரிகள் எல்லோரும் கேட்கிற கேள்விதானே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உலகச் சண்டை முடிந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் அம்மை கண்டது. பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கண்டதும் இவள்தான் கூடவே இருந்து பார்த்தாள். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். இவளுக்குக் கண்டுவிட்டது. அவளைக் கொண்டுபோன இடத்துக்கு எங்களை விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் கஞ்சி திரும்பி வந்தது. சபையார் நாலைந்து பேர் சேர்ந்து அவளைக் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரம், வைத்துவிட்டு வந்தார்கள். ஊர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபடியே ஆகிவிட்டது என்று நினைக்கிறபோது எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் முந்திரிக்கொத்து சுடவில்லை. ஆராதனை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நேரே சாலைக்கு நடந்தேன். அந்தக் கிழவனைக் கேட்பதற்கு என்னிடம் ஒரு கூடை வார்த்தை இருந்தது. வழியெல்லாம் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தெருவில் எனக்கு யாரும் வழி விடவில்லை. தோளிலும் முதுகிலும் இடி வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

படம் அப்படியே இருந்தது. மாலை அப்படியே இருந்தது. விளக்கும் எரிந்தது. பெரியவர் தளர்ந்துபோயிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கூட வர்றவ வரலையாம்மா?" என்றார்.

என் கூடை வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அம்மை போட்டுப் போயிட்டா, அண்ணாச்சி" என்றேன்.

அவர் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார், தட்டுகள் இரண்டும் ஆடின. பணியாள் என்னவோ என்று ஓடிவந்தான், அவனைக் கையால் விலக்கினார். பிறகு திரும்பி, படத்துக்குக் கீழே விளக்கு மாடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பலகையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"அந்த ஒரு வருஷம் நெசமாவே இல்லம்மா. கடையில ஒரு பொடி சீனி இல்ல. அதுக்கு மறுவருஷத்துலருந்து எடுத்து வச்சிட்டுத்தான் இருக்கேன், வருஷா வருஷம். அவ கேக்கவே இல்லையே."

"நீங்களா குடுத்திருக்கலாமே" என்றேன்.

"அவ செத்துட்டான்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நானா எப்படிக் கூப்பிட்டுக் குடுப்பேன்? அவ கேட்டா, குடுத்துருவேன்னு இருந்தேன். வேற என்ன வேணும்னு கேக்கச் சொன்னேனே. கேக்கச் சொன்னேன்லாம்மா?"

"சொன்னீங்க" என்றேன்.

எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டார். சபைக் கல்லறைத் தோட்டம், வேலியோரம், இன்னும் கல் வைக்கவில்லை, ஒரு அரளிச்செடி நிற்கும் என்று சொன்னேன். பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. அவருடையது அவரிடமே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

மறு கிறிஸ்துமஸுக்கு ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அரளிச்செடிக்குக் கீழே, தலைமாட்டில், ஒரு காகிதப் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. பலசரக்குக் கடை மடிப்பு, கடை நூல். உள்ளே சீனி. பனி பட்டுப் பாதி கரைந்து, மீதியில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் செய்தால் ஆசை என்று அவள் சொல்வது நினைவுக்கு வந்தது. எறும்பைத் தட்டிவிடாமல் திரும்பி வந்தேன்.

மறுவருஷமும் இருந்தது.